ஒரே நடையில் வேலை முடிய

பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் பிறப்புப் பதிவு அலுவலகங்களுக்கு ஒரு வகை மனுதாரர்கள் வருவார்கள். கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பிறந்த இடம் எல்லாம் அதில் இருக்கும். குழந்தையின் பெயர் மட்டும் இருக்காது. மருத்துவமனை பிறப்பைத் தெரிவித்த நாளில் பெயர் முடிவாகியிருக்காது. பிறகு பெயர் சூட்டியிருப்பார்கள். அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளியில் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

அந்தத் தாயோ தந்தையோ முதலில் எடுப்பது கைப்பேசியை. அரசின் பக்கம் ஒன்று திறக்கிறது. அதில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொண்டால் நாளை காலை சரியான அலுவலகத்துக்கு, சரியான காகிதங்களோடு போய் வேலையை முடித்துக்கொண்டு வருவார்கள். புரியாவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், ‘இது இங்கே இல்லை, அங்கே போங்கள்’ என்ற பதிலோடு திரும்புவார்கள். நாம் எழுதும் பக்கம் நன்றாக இருக்கிறதா என்பதற்கு நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். படித்தவருக்கு எத்தனை அலைச்சல் மிச்சமாயிற்று என்பதே அது. சொல்நயம், வடிவமைப்பு, வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த அதிகாரத்தில் பல பக்கங்களைத் தொட்டுக் காட்டப் போவதில்லை. குழந்தையின் பெயர் சேர்க்கும் இந்த ஒரே பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்.

சட்டம் சொல்வது சிக்கலானதல்ல. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெற்றோரோ பாதுகாவலரோ பெயரைத் தெரிவித்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். இவ்வளவுதான். இதையே அலுவலகத் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரியாக ஒரு பத்தியை அமைத்துத் தருகிறேன். உங்கள் துறையின் பக்கங்களில் இதன் உடன்பிறப்புகளைப் பார்த்திருப்பீர்கள்.

“பெயர் குறிப்பிடப்படாமல் பதிவு செய்யப்பட்ட பிறப்பைப் பொறுத்தவரையில், மேற்படி பதிவு நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் குழந்தையின் பெயர் குறித்த தகவல் பெற்றோர் அல்லது பாதுகாவலரால் வாய்மொழியாகவோ எழுத்துப்பூர்வமாகவோ சம்பந்தப்பட்ட பதிவாளருக்கு அளிக்கப்படும் நேர்வில் கட்டணமின்றியும், அக்காலக்கெடு கடந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் அளிக்கப்படும் நேர்வில் உரிய காலதாமதக் கட்டணம் செலுத்தப்பட்ட பின்னரும், தக்க ஆவணங்களின் அடிப்படையில் பெயர்ப் பதிவு மேற்கொள்ளப்படும்.”

இதில் இலக்கணப் பிழை இல்லை. சட்டப் பிழையும் இல்லை. அலுவலகக் கோப்பில் இது தாராளமாக இருக்கலாம். கோப்பைப் படிப்பவருக்குச் சட்டம் தெரியும்; அவர் சரிபார்ப்பதற்காகப் படிக்கிறார். பக்கத்தைப் படிப்பவருக்குச் சட்டம் தெரியாது. அவர் நாளை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்ததில்தான் கோளாறு.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். வாக்கியம் நீள நீள, ‘நடக்குமா, நடக்காதா’ என்ற விடை தள்ளிக்கொண்டே போகும். மேலே உள்ள பத்தியில் பெயரைப் பதிவார்கள் என்ற செய்தி கடைசி மூன்று சொற்களில் இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு காலக்கெடு, இரண்டு கட்டண நிலை, இரண்டு வகை விண்ணப்பதாரர், தெரிவிக்கும் இரண்டு வழி ஆகிய அத்தனையையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு போக வேண்டும். கைப்பேசித் திரையில் இந்த ஒரு வாக்கியமே திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே தமிழில் எழுதுபவர் நிபந்தனைகளை ஒரே வாக்கியத்தில் கோக்கக் கூடாது. ஒரு நிபந்தனைக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் தனி வினைமுற்று.

திருத்தி எழுதுவோம்.

“பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்க

உங்கள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையா? பெற்றோரோ பாதுகாவலரோ பெயரைச் சேர்க்கலாம்.

பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதம் முடியவில்லை என்றால் கட்டணம் கிடையாது.

12 மாதம் முடிந்துவிட்டால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். இப்படி 15 ஆண்டு வரை சேர்க்கலாம்.

நாள் கணக்கு பிறந்த தேதியிலிருந்து தொடங்குவதில்லை. பதிவான தேதியிலிருந்து தொடங்கும். பதிவான தேதி உங்கள் சான்றிதழிலேயே இருக்கும்.

பிறப்பு எந்த அலுவலகத்தில் பதிவானதோ அந்த அலுவலகத்துக்கே போக வேண்டும். அதன் பெயரும் சான்றிதழில் இருக்கும்.”

சொல் எண்ணிக்கை குறையவில்லை. கொஞ்சம் கூடியும்கூட இருக்கலாம். எளிய நடை என்றால் சுருக்கமான நடை என்று நினைத்துக்கொண்டு, தேவையான தகவலையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. பதிவான தேதி வேறு, பிறந்த தேதி வேறு என்ற வரி பழைய பத்தியிலும் மறைவாக இருந்தது. ஆனால் படிப்பவர் கண்ணில் படாது. பெரும்பாலோர் பிறந்த நாளிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள். எங்கே தடுக்கி விழுவார்களோ அங்கே ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பக்கம் எழுதுமுன் அவர் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது உட்காருங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். உங்கள் பக்கத்தின் முதல் பத்தி அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும்.

எண்களை எண்ணாகவே எழுதுங்கள். இணையத்தில் யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. திரையைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ‘பன்னிரண்டு மாதங்கள்’ கண்ணுக்குத் தப்பிவிடும். ‘12 மாதம்’ நிற்கும்.

‘உரிய’, ‘தக்க’, ‘போன்ற’

திருத்திய பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு? என்னென்ன ஆவணங்கள்? பழைய பத்தியில் இந்த இரண்டும் இருப்பதுபோல் தோன்றியது. ‘உரிய காலதாமதக் கட்டணம்’ என்று இருந்தது, ‘தக்க ஆவணங்கள்’ என்று இருந்தது. படித்தால் முழுமையான தகவல் போலவே ஒலிக்கும். உண்மையில் அங்கே தகவலே இல்லை.

இந்த மூன்று சொற்களும் அரசுத் தமிழின் தீராத வியாதி. ‘குடும்ப அட்டை, ஆதார் போன்ற ஆவணங்கள்’ என்று எழுதினால் அந்த இரண்டும் போதுமா, இன்னும் ஏதாவது வேண்டுமா, இரண்டில் ஒன்று போதுமா என்பது படிப்பவருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் காகிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். அப்படியும் ஏதோ ஒன்று குறையும். ‘முதலியன’, ‘இன்ன பிற’, ‘தேவைப்படும் நேர்வில் பிற ஆவணங்களும்’ எல்லாம் இதே குடும்பம்தான். ஆவணப் பட்டியல் என்றால் அது மூடிய பட்டியலாக இருக்க வேண்டும். அசல் வேண்டுமா, நகல் போதுமா, நகலில் யார் கையெழுத்துப் போட வேண்டும், எத்தனை நகல் என்பது வரை இருக்க வேண்டும்.

இங்கேதான் எளிய நடை எழுத்தாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது. பிரிவு அலுவலரிடம் போய், ‘தக்க ஆவணங்கள் என்றால் எவை?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு பட்டியல் சொல்வார். அடுத்த இருக்கையில் இருப்பவர் அதில் ஒன்றைச் சேர்ப்பார். இன்னொருவர், ‘ஆளைப் பார்த்துக் கேட்போம்’ என்பார். அதாவது அலுவலகமே இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவெடுக்கப்படாத விஷயத்தை எந்த நடையில் எழுதினாலும் தெளிவாக எழுத முடியாது. ‘தக்க’ என்ற சொல் அந்தக் குறையைப் பல ஆண்டுகளாக மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பட்டியலை எழுதி, பொறுப்பு அலுவலரிடம் காட்டி, ‘இவ்வளவுதான், இதற்கு மேல் கேட்க மாட்டோம்’ என்று ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஒரு கையெழுத்தை வாங்குவதற்கு, மீதிப் பக்கம் முழுவதையும் எழுதுவதைவிட அதிக நேரம் ஆகும். ஆனாலும் வாங்கியே தீர வேண்டும்.

கட்டணமும் அப்படியே. தொகையைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். ‘தொகை மாறினால் பக்கத்தை மாற்ற வேண்டுமே’ என்று தயங்குவார்கள். மாற்றத்தான் வேண்டும். தொகையை எழுதாமல் விட்ட இடத்தில் இடைத்தரகர் தன் தொகையைச் சொல்வார்.

யார் செய்வது?

‘மேற்கொள்ளப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்ற வினைகளில் செய்பவர் இல்லை. கோப்பில் அது பழகிப்போன நடை. பக்கத்தில் அது படிப்பவரை இருட்டில் நிறுத்துகிறது. ‘விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டுச் சான்றிதழ் வழங்கப்படும்’ என்றால், சரிபார்ப்பவர் யார், அவர் வீட்டுக்கு வருவாரா, நாம் போக வேண்டுமா? ‘கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார். தாசில்தார் சான்றிதழ் தருவார்’ என்று எழுதினால், விண்ணப்பம் இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று கேட்கவாவது அவருக்குத் தெரியும். பெயரை எழுதினால் பொறுப்பும் வந்துவிடும் என்பதால் சில அலுவலகங்கள் இதை விரும்புவதில்லை. அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

படிப்பவரை ‘விண்ணப்பதாரர்’ என்று தூரத்தில் நிறுத்தாமல் ‘நீங்கள்’ என்று கூப்பிடுங்கள். ‘விண்ணப்பதாரர் நேரில் ஆஜராக வேண்டும்’ என்பதைவிட ‘நீங்கள் நேரில் வர வேண்டும்’ என்பது எந்த வகையிலும் மரியாதைக் குறைவு அல்ல. அதே சமயம் ‘வாங்க, போங்க’ என்று பேச்சுத் தமிழில் இறங்க வேண்டியதில்லை. கன்னியாகுமரியின் பேச்சு வேறு, கிருஷ்ணகிரியின் பேச்சு வேறு. ‘வாருங்கள்’, ‘கொண்டு வாருங்கள்’, ‘கட்டுங்கள்’ என்ற பொதுத் தமிழ் எல்லா மாவட்டத்துக்கும் புரியும்.

எந்தச் சொல்லை விடக் கூடாது?

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, உட்பிரிவு போன்றவை சட்டத்தில் தனிப் பொருள் உள்ள சொற்கள். ‘நில உரிமைக் காகிதம்’ என்று அவற்றை எளிமையாக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். மக்கள் அந்தச் சொற்களோடுதான் வாழ்கிறார்கள். அப்படியே வையுங்கள், முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

வாரிசுச் சான்றிதழ் இதற்கு நல்ல உதாரணம். தாசில்தார் தருவது ஒன்று. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. இறந்தவருக்கு வர வேண்டிய கடன் தொகைகளையும் பங்குப் பத்திரங்கள் போன்றவற்றையும் பெறுவதற்கு அது கேட்கப்படும். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், ‘இது இல்லை, மற்றது’ என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் துக்க வீட்டுக்காரர்கள். வாரிசுச் சான்றிதழுக்கான பக்கத்தின் முதல் வரி எப்படி விண்ணப்பிப்பது என்பதாக இருக்கக் கூடாது. ‘உங்களுக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும்?’ என்பதாக இருக்க வேண்டும். காகிதத்தைக் கேட்ட நிறுவனம் எதைக் கேட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மக்கள் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குப் பயப்பட வேண்டாம். குடும்ப அட்டை என்று எழுதும் பக்கத்தில் ஒரு முறையாவது ரேஷன் கார்டு என்றும் இருக்கட்டும். வட்டாட்சியர் என்ற இடத்தில் தாசில்தாரும் இருக்கட்டும். ‘பர்த் சர்ட்டிபிகேட்’ என்று தேடுகிறவருக்கும் உங்கள் பக்கம் கிடைக்க வேண்டும். சேவைகளுக்கு அலுவலகம் கொடுத்திருக்கும் குறியீட்டைத் தலைப்பின் முதலில் போடாதீர்கள். இ-சேவைப் பட்டியலில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ‘ஆர்ஈவி-104’. அது கணினிக்கான அடையாளம். கல்லூரிக் கட்டணச் சலுகை கேட்டு வரும் மாணவிக்கு அது எதையும் சொல்லாது. குறியீடு கடைசியில் இருக்கட்டும்.

பிடிஎப், பழைய எழுத்துரு, ஆங்கில மூலம்

அரசாணையை ஸ்கேன் செய்து பிடிஎப் ஆகப் போட்டுவிட்டுத் தகவல் வெளியிட்டாயிற்று என்று நினைப்பது பரவலான பழக்கம். அது படம். தேடுபொறிக்குப் பெரும்பாலும் எட்டாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதை வாசிக்காது. சிறிய திரையில் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளித்தான் படிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு இதைச் சலுகையாக நினைத்துச் செய்ய வேண்டியதில்லை, அது கடமை. அரசாணை இருக்கட்டும். அதற்கு மேலே அதன் செய்தியை நாலு வரியில் எழுத்தாக எழுதுங்கள்.

வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே ஒட்டினால் இணையத்தில் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுவிட்டது. மாற்றி, மாற்றியதைப் படித்துச் சரிபார்த்த பிறகே ஏற்றுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தமிழ்ப் பக்கம் எப்போதும் ஒரு திருத்தம் பின்தங்கியே இருக்கும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழி ஆக்கியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், தகவல்களை வெளியிடும்போது வட்டார மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. முதலில் தமிழில் யோசித்து எழுதுங்கள்; ஆங்கிலப் பக்கம் அதிலிருந்து வரட்டும்.

வெளியே நடந்தது

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1979இல் கிறிஸ்ஸி மேயர் என்ற பெண் லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் புரியாத அரசுப் படிவங்களைக் கிழித்துத் தள்ளி ஓர் இயக்கத்தையே தொடங்கினார். அமெரிக்காவில் 2010இல் எளிய நடையைக் கட்டாயமாக்கிச் சட்டமே வந்தது. பிரிட்டன் 2012இல் துறைவாரியான தளங்களை ஒரே தளமாக்கத் தொடங்கியபோது, ஒன்பது வயதுப் பிள்ளையின் வாசிப்புத் திறனை மனத்தில் வைத்து எழுதச் சொன்னது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பகுதியே வேண்டாம் என்பதும் அங்கே ஒரு விதி. கேள்வி அடிக்கடி வந்தால் பக்கத்தின் உடலில் பதில் இல்லை என்று பொருள். பதிலை அங்கே கொண்டுபோய் வையுங்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. இந்தியாவில் தேசிய தகவல் மையத்தின் அரசு இணையதள வழிகாட்டு நெறிமுறைகள் 2009இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

‘சட்டத்தின் வாசகம் மாறிவிட்டால் நாளை வழக்கு வருமே’ என்று சட்டப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சட்டத்தின் வாசகம் சட்டத்தில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் அதற்கு இணைப்புக் கொடுங்கள். எழுதியதை அவர்களிடமே காட்டி, ‘இதில் எந்த வரி தவறு?’ என்று கேளுங்கள். ‘நடை சரியில்லை’ என்ற பதிலை ஏற்காதீர்கள்; தவறான வரியைக் காட்டினால் உடனே திருத்துங்கள். திருத்திய வரியும் எளிதாகவே இருக்க முடியும்.

பக்கம் தயாரானதும் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் கையில் கொடுங்கள். அலுவலகக் காவலாளியாக இருக்கலாம், தேநீர் கொண்டுவருபவராக இருக்கலாம். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ‘நாளை நீங்கள் எங்கே போவீர்கள், என்ன எடுத்துப் போவீர்கள், எவ்வளவு பணம் வைத்துக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் தவறினால் பக்கம்தான் தவறு.

கடைசியாக, பக்கத்தின் அடியில் திருத்திய தேதியையும், அதற்குப் பொறுப்பான பிரிவையும், உண்மையில் எடுத்துப் பேசப்படும் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். தேதி ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது; அந்தத் திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறந்து 30 நாள் தாண்டி ஓராண்டுக்குள் பதிவு செய்ய வருபவரிடம் முன்பு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கேட்கப்பட்டது. இப்போது தானே கையொப்பமிட்ட ஆவணம் போதும் என்று சட்டம் சொல்கிறது. பழைய விதி எழுதியிருக்கும் ஒவ்வொரு பக்கமும் இன்றும் யாரையோ நோட்டரி அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் துறையின் பக்கத்தை இன்றே திறந்து, அந்த வரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.